மூன்றாவது மதகு

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் உதவியாளனாக இருந்தேன். வயது இருபத்தாறு. சென்னையில் நூலகப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிய கையோடு வந்தவன், தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்! புதிதாகச் சேரும் பி.யூ.சி. மாணவர்களுக்கு, கட்டுரை எழுத எந்தப் புத்தகத்தைத் தேடுவது, எதை நம்புவது என்று சொல்லித் தருவதும் என் வேலைதான். நான் சொன்னது ஒரே விதி. அச்சில் இருப்பதை எழுது, ஊர்ப்பேச்சை எழுதாதே.

அந்த வருடம் 'எங்கள் ஊர் ஏரி' என்று ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தேர்வாகும் கட்டுரையை ஆண்டு விழாவில், பெற்றோர் முன்னிலையில் எழுதியவரே படிக்க வேண்டும்.

முசரவாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண், நான்கு பக்கம் எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். அவள் அப்பா அந்த ஊர் ஏரிக்கு நீர்கட்டி. மதகைத் திறந்து மூடி, எந்தக் கழனிக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து விடுகிறவர். சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யார் சொன்னதும்மா?" என்றேன்.

"எங்க அப்பா சார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவரு சொன்னத மேடையில அவருக்கே படிச்சுக் காட்டணும் சார்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தும், "அப்பா சொன்னார்னு எழுதினா யார் ஒத்துப்பாங்க?" என்று பழுப்பேறிப் போன பழைய ஜில்லா ஏரிக் கையேடு ஒன்றை எடுத்து நீட்டினேன்.

புரட்டிப் பார்த்தவள் தயங்கினாள். "இதுல ரெண்டு மதகுன்னு போட்டிருக்குது சார். எங்க ஏரியில மூணு இருக்குதே."

"உனக்குத் தெரியுமா, புத்தகம் போட்டவங்களுக்குத் தெரியுமா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கையிலிருந்த நான்கு பக்கங்களையும் நானே வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். இரண்டே நாளில் புத்தகத்தைப் பார்த்துப் புதிதாக எழுதிவந்தாள். அது தேர்வும் ஆனது. எனக்கு ஒரே பெருமை.

விழா அன்று முன்வரிசைகளில் ஒரே பட்டுச் சரசரப்பு. அவள் அப்பா வெளுத்த வேட்டி சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு, இடம் இருந்தும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மகள் படிக்க ஆரம்பித்ததும் முன்னால் சாய்ந்து கேட்டார். "இவ்வேரிக்கு இரண்டு மதகுகள் உள்ளன" என்று அவள் படித்ததுதான் தாமதம், எழுந்து நின்றுவிட்டார்.

"மூணும்மா! கரை ஒடஞ்ச வருசம் மூணாவத நான் கல்லு சொமந்து கட்டினதாச்சே!"

மண்டபமே சிரித்தது. அவள் நிறுத்தினாள். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு மிச்சத்தைக் கம்மிய குரலில் படித்து முடித்தாள்.

விழா முடிந்து வராந்தாவில் அவர் மகளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "நான் சொன்னது எதுவுமே வரலியேம்மா?"

"நான்தாம்பா மறந்துட்டேன்" என்றாள். பக்கத்தில்தான் நின்றேன். 'தப்பு என்னுடையது' என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

மறுநாள் காலையில் குப்பைக் கூடையைத் தேடி ஓடினேன். அதெல்லாம் போன வாரமே வேப்பமரத்தடியில் எரித்தாகிவிட்டது என்றார் பெருக்குகிற அம்மா. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்த ஏரிக்கே போனேன். கரையோடு நடந்து எண்ணினேன். மூன்று மதகு. மூன்றாவதன் கல் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. அவர் அங்கேதான் இருந்தார். என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க சார்" என்றார். நோட்டைத் திறந்து, மகளிடம் சொன்னதை எனக்கும் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நான் என்னாத்த சார் சொல்றது? அதான் புஸ்தகத்துல இருக்குதே" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் பேசவில்லை. நோட்டை மூடிக்கொண்டு திரும்பினேன். அந்தப் பெண்ணும் அந்த வருடத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு போனாள், பிறகு பார்க்கவே இல்லை.

அதன் பிறகு முப்பது வருடம் புது மாணவர்களுக்குச் சொல்லித் தந்தேன். புத்தகம் எடுக்கும் முன், இந்த விஷயத்தில் இறங்கி வேலை பார்த்தவர் யார் என்று கேட்டுவிட்டு வரச் சொல்வேன். கேட்டதையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நேரில் போய் எண்ணிப் பார் என்பேன்.

அந்த முதல் பக்கத்தில் ஒரு வரி மட்டும் மனதில் நிற்கிறது. மதகில் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே ஏரியில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் இருக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவார் என்று எழுதியிருந்தாள். எத்தனையோ ஆயிரம் புத்தகங்களைக் கையாண்டவன் நான்; படிக்காமலே தூக்கிப் போட்ட அந்த மூன்று பக்கங்களைப் படித்துப் பார்க்கத்தான் இன்றைக்கும் மனம் ஏங்குகிறது.