காலையில் மட்டும் வராத நெட்வொர்க்

வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கிய பிறகும் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திருப்பூர் மண்ணரையில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. எந்தப் பெட்டியில் எந்த அளவு, எந்த நிறம் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, லேபிள் அடிப்பது என் வேலை. ஆர்டர் விவரமெல்லாம் முதலாளி அறைக் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்த அறையில் இருந்த ரவுட்டர் வழியாக, சுவரோரமாக ஓடிய ஒரு கேபிள் இரண்டையும் இணைத்தது.

என் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதென்று புது டிஸ்க் போட்டுத் தந்தார்கள். அதன்பின் பட்டனை அழுத்தியதுமே எழுந்துவிடும். ஆனால் தினமும் காலையில் நெட்வொர்க் மட்டும் வராது. மேசைக்கு அடியில் குனிந்து கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் வந்துவிடும். சர்வீஸ்காரர் கேபிளை மாற்றிப் பார்த்தார். அவர் வரும் மதிய நேரத்தில் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒழுங்காக வேலை செய்தது. "நல்லாத்தானுங்க இருக்குது" என்று கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் மேசையைப் பிடித்துக்கொண்டு நான் குனிவதைச் செக்கிங் அக்கா பார்த்துவிட்டார். துணியில் ஓட்டை, கறை பார்ப்பவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். அதுவரை நாங்கள் அதிகம் பேசியதில்லை.

"ஏட்டி, என்ன செய்யுத? மொதல்ல எந்திரி."

"பரவாயில்லீங்கக்கா, பழகிருச்சுங்க."

"ஒனக்குப் பழகிட்டு. உள்ள இருக்க பிள்ளைக்கு?"

அவரே உள்ளே நுழைந்து செருகிவிட்டு வந்தார். மறுநாள் நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். "நான் மூத்தவளைச் சுமந்தப்போ மிஷின்லதான் இருந்தேன். குனியாதன்னு ஒருத்தரும் சொல்லல" என்றார், வருத்தம் எதுவும் இல்லாத குரலில்.

எப்படியாவது இதைச் சரிசெய்ய வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் பிடிவாதம் வந்தது. காலைக்கும் மதியத்துக்கும் என்ன வித்தியாசம்? காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் எல்லாம் ஒன்றாக உயிர் பெறுகிறது. மதியத்தில் மற்றதெல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலை சர்வீஸ்காரரைப் போனில் பிடித்து இதைச் சொன்னேன்.

"ஏனுங்க, கேபிள் சொருகுற எடத்துல லைட் எரியுதுங்களா, பாருங்க" என்றார் அவர்.

அக்கா ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, அதில் படுத்து உள்ளே தலையை நீட்டினார்.

"எரியுது. பச்சை. மஞ்சளு மினுக்கு மினுக்குன்னு அடிக்கி."

"லைட் எரியுதுங்க. நெட்வொர்க்தான் இல்லீங்க" என்றேன்.

சர்வீஸ்காரருக்குப் பிடிபட்டுவிட்டது. "அப்ப கேபிள் மேல தப்பில்லீங்க. உங்க கம்ப்யூட்டரு நெட்வொர்க்ல சேர நம்பர் குடுக்கறது முதலாளி ரூம்ல இருக்கற ரவுட்டருங்க. அது எந்திரிக்க நேரமாகும். உங்களது முன்னாடியே எந்திரிச்சு நம்பர் கேக்குது, பதில் இல்லீன்னதும் சும்மா இருந்துக்குது. புடுங்கிச் சொருகுனா மறுபடி கேக்குதுங்க."

கம்ப்யூட்டர் ஒவ்வொரு நாளும் கேட்கத் தேவையில்லாதபடி அதற்கென்று ஒரு நிலையான எண்ணைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் பதிந்தேன்.

அடுத்த நாள் அக்கா வரும்போது லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"வந்துட்டா?"

"வந்துருச்சுங்கக்கா."

"நல்லது" என்றவர் அப்படியே நின்றார். இனி அவர் வர வேண்டியதில்லையே என்று எனக்கு என்னவோ போலிருந்தது. பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "உக்காருங்கக்கா, மணியடிக்க நேரமிருக்குதுங்க." உட்கார்ந்தார். அன்றிலிருந்து வேலை தொடங்கும் வரை நாங்கள் பேசிக்கொண்டிருப்போம்.

பிரசவத்துக்கு மடத்துக்குளத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் போனேன். பெண் குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலை ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறி அக்கா வந்துவிட்டார். மிச்சத் துணியில் அவரே தைத்த குட்டிச் சட்டைகள் பையில் இருந்தன. ஓரத் தையல் உறுத்தாமல் இருக்க, அதை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்திருந்தார்.

குழந்தை அவர் மடியில் தூங்கிப்போனது. திருப்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா நினைவூட்டினார்.

"போட்டும்மா, அடுத்ததுல போயிக்கிடுதேன்" என்றார் அக்கா, காலை அசைக்காமல்.