சேக்காட்டுத் தெருவின் வெளிநாட்டுக்காரி

கிருஷ்ணப்பிரியா மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவள். அங்கே வேலைக்கு வந்த அரவிந்தனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, அவன் பின்னாலேயே ஆவடி சேக்காட்டுக்கு வந்து சேர்ந்தாள். மகள் சுவேதா இங்கேதான் பிறந்தாள். போன வருடம் அரவிந்தன் மாரடைப்பில் போய்விட்டான். இந்தியனின் மனைவி என்று இதுநாள் வரை வாங்கிவந்த தங்கும் அனுமதியை, இனி விதவை என்று சொல்லிக் கேட்க வேண்டும். பழைய விதிகள் ஒரு வழியாகத் தலையில் ஏறிய நேரத்தில் சட்டமே மாறிவிட்டது. எல்லாம் முதலிலிருந்து, எல்லாம் ஆன்லைனில். கிடைக்காவிட்டால் அவள் கிளம்ப வேண்டியதுதான். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை யாரை நம்பி விட்டுப் போவாள்?

விசாரணைக்குப் போலீஸ் வீட்டுக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது, அவள் சுவேதாவின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த வேளையில். அதுதான் வினை.

பக்கத்து வீட்டு முனியம்மா இட்லிக் கடை நடத்துகிறவள். வெளிநாட்டுக்காரர்களைப் பிடித்து அனுப்புகிறார்கள் என்று டிவியில் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. யாராவது வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தெருவுக்கே பாடம் எடுத்து வைத்திருந்தாள்.

“இன்னா சார், வெளிநாடா? அது எங்க ஊட்டுப் பொண்ணு சார். இதே தெருவுல பொறந்து வளந்துது. அதுக்குக் காது குத்துனதே என் மடியிலதான்” என்று வந்த ஹெட் கான்ஸ்டபிளிடம் அடித்துச் சொன்னாள்.

ஆட்டோ ஓட்டும் வேம்புலி ஒரு படி மேலே போனான். “சின்ன வயசுல அதுவும் நானும் ஒண்ணா பம்பரம் வுட்டுக்கினு இருந்தோம் சார்.” அவன் அவளைவிடப் பத்து வயது இளையவன். அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

கிருஷ்ணப்பிரியா திரும்பி வந்ததும், “பயப்படாத பிரியா, வந்தவர அப்படியே திருப்பி அனுப்சிட்டோம்” என்றாள் முனியம்மா, பெருமை தாங்காமல்.

கிருஷ்ணப்பிரியா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெளிநாட்டுக்காரி என்று அவளே எழுதிக் கேட்டிருக்கிறாள். இல்லவே இல்லை என்று தெருவே சத்தியம் செய்திருக்கிறது. அப்படியே அறிக்கை போனால் மனு அதோடு காலி. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போலீஸ் ஜீப்பைப் பார்த்தாலே சந்துக்குள் ஒதுங்கிவிடுகிற ஜனங்கள் இவர்கள். அவளுக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வாய் கூசாமல் புளுகியிருக்கிறார்கள். சொந்த அண்ணன் செய்வானா இதை? அவள் மலைத்துப் போனாள்.

மறுநாள் காலை இருவரையும் வேம்புலியின் ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ஹெட் கான்ஸ்டபிளின் மீசையைப் பார்த்ததுமே வேம்புலி உண்மையைக் கக்கிவிட்டான். முனியம்மா மட்டும் அசையவில்லை.

“நான் எப்படி சார் சொல்வேன்? அரவிந்தன் பூட்ட அன்னிக்கு, இத்தக் கட்டிப் புட்ச்சிக்கினு அழுதவ நானு. இத்தப் போயி வெளிநாட்டுக்காரின்னு என் வாயால சொல்லணுமா?”

கிருஷ்ணப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நான் இந்த ஊரு இல்லேன்னு நீ சொன்னாதான், என்னை இந்த ஊர்ல இருக்க வுடுவாங்க.”

முனியம்மா அவள் முகத்தையே பார்த்தாள். இது என்ன நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெளிநாட்டுக்காரிதான் சார்” என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

எழுதிக்கொண்டே ஹெட் கான்ஸ்டபிள் கேட்டார்: “சரிம்மா, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“கூடப் பொறந்தவ சார்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, ‘பக்கத்து வீடு’ என்று தானே எழுதிக்கொண்டு, ரிப்போர்ட் இன்றைக்கே போய்விடும் என்றார்.