கவிழ்த்துப் பழகியவர்

குண்டடம் பக்கத்து அணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவரைப் பார்த்தேன். பெருத்த உடம்பு, நரைத்த மீசை, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் புதுக் கயாக்கில் இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கவிழ்ந்தது. பதறிப்போய்த் தண்ணீரை நோக்கி ஓடினேன்.

"ஏனுங்க, கவுந்துட்டீங்களா?"

தலையை வெளியே நீட்டி, மீசையை நீவிவிட்டுச் சிரித்தார். "இல்லீங்க, நானேதான் கவுத்துனனுங்க. கடல்ல மீன் புடிக்க வாங்குனது. அங்க கவுந்தா மறுக்கா ஏறோணுமில்லீங்க?"

கயாக்கை நிமிர்த்திவிட்டார். ஆனால் ஏற முடியவில்லை. வயிறு விளிம்பில் இடித்து வழுக்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் மீசையை நீவிக்கொண்டு மறுபடி முயன்றார்.

கரையில் அவருடைய மனைவி நின்றிருந்தார். தன் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்று சொன்னவர், "தானா ஏறிக் காட்டுனாத்தான் கடலுக்கு உடுவேன்னு சொல்லிப்போட்டனுங்க" என்றார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெயில் ஏறிய பிறகு, மீசைக்காரர் கால்களை உதைத்து எம்பிக் கயாக்கின்மேல் குப்புற விழுந்தார். மெல்லப் புரண்டு உட்கார்ந்து துடுப்பை உயர்த்தினார். நான் கைதட்டினேன். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். உடனே, "எங்க, இன்னொருக்கா ஏறுங்க பார்க்கலாம்!" என்று குரல் கொடுத்தார்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் கவிழ்த்தார். கடலுக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. அத்தனை சந்தோஷமாகத் தண்ணீரில் விழுந்த ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.