வாட்டர்செட்டு ஓட்டலுக்குத் தண்ணீர் வந்தது

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு மதுரையில் கோவை வண்டி ஏறினேன். பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழி. டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். நான் விருதுநகர்க்காரி, ஐப்பசியில் கூட வானத்தைச் சந்தேகமாகவே பார்த்துப் பழகியவள். உடுமலை தாண்டியதும் ஜன்னல் கம்பி வழியாகச் சாரல் அடித்தபோது பக்கத்து இருக்கைக்காரர் ஷட்டரை இறக்கப் போனார். "வேண்டாமுங்க, நனைஞ்சா நனையட்டும்" என்றேன். பொள்ளாச்சி வரை தென்னந்தோப்புகளைப் பார்த்தபடி ஒரு பக்கத் தோள் ஈரமாகவே வந்தேன்.

சுந்தராபுரத்தில் இறங்கும்போது மதியம் ஆகிவிட்டது. அங்கிருந்து போத்தனூர் பக்கம் ஆட்டோ.

"ஏனுங்க்கா, எங்க போகோணும்?"

"கொடிக்குளம் வாட்டர்சைடு ஓட்டல்."

"வாட்டர்செட்டு ஓட்டலுங்களா! அப்புடிச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம தொறக்கறாங்க. எங்கூட்ல கூட்டிட்டுப் போயே தீரோணும்னு ஒரே அடமுங்க. பதினஞ்சு ரூவா குடுங்க, போலாம்."

பம்ப்செட்டு செய்கிற ஊரில் வாட்டர்சைடு வாட்டர்செட்டு ஆனதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஓட்டலை மறுபடி திறக்கப் போகிறவள் என் கல்லூரி விடுதித் தோழி வசந்தா. அவள் அழைத்துத்தான் இந்தப் பயணம்.

இரும்பு கேட்டைத் தாண்டி ஆட்டோ வளைந்ததும் கட்டடம் தெரிந்தது. சுண்ணாம்பு வெள்ளையில் இரண்டு மாடி, நீளமான மரத் தாழ்வாரம், அதற்குக் கீழே புல்வெளி. புல்வெளி முடிகிற இடத்தில் குளம். முக்கால்வாசி நிறைந்திருந்தது. அக்கரையில், இந்தப் பக்கத்தார் காடு என்று சொல்கிற மஞ்சள் வயல், கரும்பு, அதற்கும் அப்பால் மேகம் மூடிய மலை. வசந்தா படியிறங்கி வந்து, என் ஈரத் தோளைப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டயா கண்ணு! சாப்ட்டுப்போட்டு அப்பறம் பாரு. கொளம் எங்கயும் போகாது."

சாப்பிடும்போது ஓட்டலின் கதையைச் சொன்னாள். கட்டியவர் அவள் கணவர் ரங்கநாதனின் தாத்தா, பஞ்சு வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். ஆனைமலை எஸ்டேட்டுகளிலிருந்து இறங்கிவரும் வெள்ளைக்கார துரைகள் போத்தனூரில் ரயில் மாறுவார்கள். இடையில் ஓர் இரவு தங்க வசதியான இடம் கிடையாது. அதைக் கவனித்த தாத்தா குளக்கரையில் இடம் வாங்கினார். துரைகள் ஜோடியாக நடனமாடத் தேக்குப் பலகைத் தரையோடு ஆட்டக்கூடம், குளத்தில் படகுகள், தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலிகள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அறை கிடைக்காமல் துரைகள் ஸ்டேஷனிலேயே படுத்ததுண்டாம்.

துரைகள் போனார்கள், கார்கள் வந்தன, இரவு தங்க வேண்டிய அவசியம் போயிற்று. வசந்தாவின் மாமனார் காலத்தில் வருமானம் என்றால் படகுச் சவாரிதான். குளம் நிறைந்திருந்தால்தானே படகு ஓடும்? பழைய பத்திரம் ஒன்றின்படி மதகுச் சாவி ஓட்டல் வசம் இருந்தது. அவர் மதகைப் பூட்டியே வைத்தார். குளத்தை நம்பிய வயல்கள் காய்ந்தன. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு இழுத்தது. அந்தக் கோபத்தில் நொய்யல் ஆற்றிலிருந்து குளத்துக்கு வரும் வாய்க்காலைத் தூர்வார யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை. வாய்க்காலில் முள் மண்டியது, குளம் வற்றியது. முதலில் படகுகள் போயின, பிறகு விருந்தாளிகள். கடைசியில் ஆட்டக்கூடம் பஞ்சுப் பொதி அடுக்கும் கிடங்கானது.

மாமனார் இறந்த பிறகு, வீட்டு மனை போட வாங்க ஆள் வந்தது. பம்ப்செட்டுப் பட்டறை நடத்தும் ரங்கநாதனுக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணம். வசந்தா ஒரு வருட அவகாசம் கேட்டாள்.

"எல்லாரும் மொதல்ல வெள்ளையடின்னாங்க. நான் சாவிய எடுத்துட்டுப் பழனிச்சாமிக் கவுண்டர் ஊட்டுக்குப் போனேன்" என்றாள்.

பழனிச்சாமிக் கவுண்டர்தான் எதிர்த்தரப்பில் வழக்குத் தொடுத்தவர். வசந்தா சாவியை அவர் முன்னால் வைத்து, "ஐயா, மதகு இனி உங்க பொறுப்புங்க. எப்பத் தொறக்கோணும், எப்பச் சாத்தோணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றிருக்கிறாள். அவர் சாவியைத் தொடவே வெகுநேரம் ஆனதாம். அந்தக் கோடையில் வழக்கு வாபஸ் ஆனது. ஊரே டிராக்டரோடு வந்து வாய்க்காலை வெட்டிவிட்டது. ஆனியில் தண்ணீர் வந்தது.

பேச்சைக் கேட்டபடி அருகே உட்கார்ந்திருந்த ரங்கநாதன் சிரிக்கவில்லை.

"தண்ணி வந்துச்சுங்க, சரி. ஆனா சாவி அவுங்ககிட்ட. அவுங்க ஒரு நாள் மதகத் தொறந்தாப் போதும், நம்ம ஓட்டல் சேத்துக்கு நடுவுல நிக்கும்" என்றார் என்னிடம்.

சனிக்கிழமை முழுவதும் வேலை. கோட்டைமேட்டிலிருந்து சமையல் மாஸ்டர் பாஷா பாய் அண்டாக்களோடு வந்து இறங்கினார். நான் குளத்தை ஒட்டியிருந்த ஆட்டக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். சாயங்காலம் பிடித்த மழை, நான் தூங்கப் போகும்வரை விடவில்லை.

ஞாயிறு விடிந்தும் விடியாத நேரம், தாழ்வாரத்தில் யாரோ ஓடும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ரங்கநாதன்.

"வசந்தா! மதகத் தொறந்துபோட்டாங்க!"

மழை நின்றிருந்தது. கரைக்கு அந்தப்புறம் தண்ணீர் இரைந்து பாயும் ஓசை தெளிவாகக் கேட்டது.

"சாவியக் குடுக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நல்ல நாளும் அதுவுமா, வர்றவங்களுக்குச் சேத்தக் காட்டப் போறோம்!"

 வசந்தா செருப்பை மாட்டிக்கொண்டு கரையை நோக்கி நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். வழுக்கும் கரையில் அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதகருகே பத்துப் பதினைந்து பேர் சேறும் நீருமாக நின்றார்கள். தலையில் துண்டைக் கட்டியிருந்த ஒல்லியான மனிதர்தான் கவுண்டர். ரங்கநாதன் வாயைத் திறப்பதற்குள் அவரே முன்னால் வந்தார்.

"வாங்க தம்பி. ஆள் அனுப்பலாம்னு இருந்தோம், அதுக்கும் நேரமில்லைங்க. ஆத்துல வந்த வெள்ளம் அத்தனையும் இங்க வந்துபோட்டுது. கொளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி கலிங்கு வழியாப் போயிருக்கோணும். ஆகாயத்தாமரை வந்து கலிங்கையே அடைச்சுப்போட்டுது. நடுச்சாமத்துல பாத்தா உங்க ஆட்டக்கூடத்துப் படியில தண்ணி. மதகத் தொறக்காட்டி, இந்நேரம் அந்தத் தேக்குத் தரை மெதந்திருக்குமுங்க."

ரங்கநாதன் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆட்டக்கூடத்தின் மேல்படியில் ஈரக் கோடு பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கியிருந்தது.

"இத்தன தண்ணியும் உங்க காட்டுக்கா போகுது?" என்று ரங்கநாதன் மெல்லக் கேட்டார்.

"காட்டுக்கு உட்டா மஞ்சள் அழுகிப்போகுமுங்க. வாய்க்கால் கரைய வெட்டி ஓடைக்குத் திருப்பிட்டோம். பள்ளத்துல இருக்கற எங்க காடு ஒண்ணுலதான் பூந்துபோட்டுது. உடுங்க, வடிஞ்சுபோகும்."

 ரங்கநாதன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வசந்தாவிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலிங்கில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைக் கொத்துக் கொத்தாக இழுத்து எறிந்தார். கவுண்டரும் மற்றவர்களும் இறங்கினார்கள். பட்டறை முதலாளிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை என்று ஒருவர் கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். ரங்கநாதன்தான் அதிகம் சிரித்தார். வசந்தா கரையில் உட்கார்ந்து முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். நிமிர்ந்தாள். அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

பத்து மணிவாக்கில் அடைப்பு விட்டது. கலிங்கில் தண்ணீர் வெள்ளையாகச் சரிந்து விழுந்தது. கவுண்டர் மதகைச் சாத்தினார். வெயில் வந்தபோது குளம் விளிம்புவரை நிறைந்து அசையாமல் கிடந்தது. ஓட்டல் தலைகீழாக அதில் தெரிந்தது.

மாலை ஐந்து மணிக்கு கேட்டைத் திறந்தார்கள். பழைய காலத்தில் கொடிக்குளத்து ஜனங்கள் காய்கறி கொடுக்கப் பின்பக்க வழியில்தான் வர முடியுமாம். அன்று ரிப்பன் கட்டியிருந்தது முன்வாசலில். கத்திரிக்கோலை வசந்தா கவுண்டரின் மனைவி ராமாத்தாளிடம் நீட்டினாள்.

"எனக்கெதுக்குங்க அம்மணி? பெரிய மனுசங்க இருக்கறாங்கல்ல?"

"நீங்கதானுங்க வெட்டோணும். காடு முழுகினது உங்களுதுங்க."

அவர் வெட்டியதும் எழுந்த கைதட்டலில் குளத்துக் கொக்குகள் பறந்தன. போத்தனூர் ரயில்வே காலனியிலிருந்து வந்த வயதான ஆங்கிலோ இந்தியர் ஒருவர் சாக்ஸபோன் வாசித்தார். அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தேக்குத் தரையில் தனியாகவே சுழன்று ஆடினார். பாஷா பாயின் பிரியாணி மணம் ஆட்டோ ஸ்டாண்டு வரை போயிருக்க வேண்டும். என்னைக் கொண்டுவந்துவிட்ட ஆட்டோக்காரரும் மனைவி, மாமியார் சகிதம் பந்தியில் இருந்தார். கவுண்டருக்கு ரங்கநாதனே நின்று பரிமாறினார். தை மாதக் கல்யாணத்துக்கு ஆட்டக்கூடம் கிடைக்குமா என்று அன்றைக்கே இரண்டு வீட்டார் கேட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை கிளம்பினேன். பேருந்து நகர்ந்த பிறகும் வசந்தா கையசைத்துக்கொண்டே நின்றாள்.

எங்கள் ஊரில் குளத்தைக் கண்மாய் என்போம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. அது நிறைந்து நான் பார்த்ததில்லை. மழை இல்லாத ஊர் என்று சொல்லியே வளர்ந்துவிட்டோம். அதற்குத் தண்ணீர் எந்த வழியாக வரவேண்டும் என்று வீட்டில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, கண்மாயின் மேற்குக் கரையிலிருந்து அந்த வழியைத் தேடி நடக்கத் தொடங்கினேன்.