கேட்டில் கட்டிய துண்டு

நைட் ஷிஃப்ட் என்பது ஆண்களைவிட வீட்டில் இருக்கும் பெண்களுக்குத்தான் கஷ்டம் என்று என் வீட்டுக்காரரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இரவு பத்து மணிக்குச் சுரங்கத்தில் வேலை ஆரம்பித்தால் காலை ஆறுக்குத்தான் முடியும். வந்து குளித்து, நாலு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு படுத்தாரானால் மதியம் இரண்டு மணிக்குத்தான் தானாக எழுந்திருப்பார். அதுவரை நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு மூச்சு விடக் கூடாது. மிக்ஸி கூடாது. குக்கர் விசில் கூடாது, சோறு வடிக்கத்தான் வேண்டும். டிவி பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் சின்ன வயதில் கைஜாடையிலேயே சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் பிளாக்கில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆள் தூங்குகிற வீட்டு கேட்டில் ஒரு துண்டைக் கட்டிவிடுவோம். அதைப் பார்த்தால் கீரைக்காரம்மா கூவாமல் கடந்து போவார். கூரியர்காரர் பெல் அடிக்காமல் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். சொந்தத் தம்பியே வந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். தூக்கம் கெட்டவர் ராட்சத மெஷினில் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சரி, வாயைக் கட்டிக்கொண்டு அத்தனை நேரம் என்ன செய்வது? கல்யாணமாகி வந்த புதிதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுத்த வீட்டுக்குக் குன்னூர்க் குடும்பம் ஒன்று குடிவந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கும் என் வயதுதான், அவள் கணவருக்கும் ஷிஃப்ட்தான். உல்லன் நூலும் இரண்டு ஊசியுமாக என் வீட்டுக்கு வருவாள். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவோம். கம்மாபுரத்திலிருந்து வந்த என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் அண்ணி, இந்த ஊரு வெயில்ல ஸ்வெட்டர் யாருக்கு? சுரங்கத்துக்குப் போத்தி வுடப் போறீங்களா?"

சிரிக்கட்டும். எனக்கு அது பிடித்துப் போனது. குன்னூர்க்காரி ஊரைவிட்டுப் போன பிறகும் நான் விடவில்லை. லைப்ரரியிலிருந்து புத்தகமும் எடுத்து வர ஆரம்பித்தேன். பத்து வரிசை பின்னினால் பத்துப் பக்கம் படிக்கலாம் என்று எனக்கு நானே ஒரு சட்டம். கை வலித்தால் வார இதழில் குறுக்கெழுத்துப் போடுவேன்.

இதற்கெல்லாம் நல்ல காலம் பங்குனிக் கடைசியும் சித்திரை ஆரம்பமும்தான். கத்திரி வெயில் இன்னும் தொடங்கியிருக்காது. காலை வேலையை முடித்து, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்தால் வேப்பம்பூ வாசனை வரும். வியர்வைக்கு உல்லன் விரலில் ஒட்டும் என்பதால் அந்த மாதங்களில் பருத்தி நூல்தான். பேத்திக்குத் தொப்பி, தலையணைக்கு உறை, இப்படி ஏதாவது. தண்டனையாக ஆரம்பித்தது கடைசியில் ருசியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், நைட் ஷிஃப்ட் வாரம் எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். அவரிடம் அதைச் சொன்னதில்லை.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் அவர் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, வெடி வெடித்து, கூட வேலை செய்தவர்கள் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் சில மாதம் அவகாசம் இருந்தது. மறுநாள் காலை அவர் வாக்கிங் முடித்து வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, பின்பக்கம் மாமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் துண்டை எடுத்துக்கொண்டு போய் கேட்டில் கட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் பகலில் வீட்டில் இருந்தால் துண்டு கட்ட வேண்டும், அவ்வளவுதான் என் கைக்குத் தெரியும். சோற்றையும் வடித்துத்தான் வைத்தேன். அவர் வந்து ஏதாவது கேட்டால் ஜாடையில் பதில் சொன்னேன். மதியம் துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். தினமும் இப்படியே நடந்தது. வெயில் ஏறினால் அவர் வாசல் பக்கமே போக மாட்டார் என்பதால் அவர் கண்ணில் துண்டு படவில்லை.

ஒரு நாள் உள்ளே வந்து என் எதிரில் நின்றார். "மால போட்டு வுட்டதோட சரி. ஒரு பய எட்டிப் பாக்கல பாத்தியா?"

நான் பின்னலில் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போகும் என்று கையை மட்டும் ஆட்டினேன். அவர் திரும்பிப் போய் மாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

பத்து நாள் கழித்து மார்க்கெட்டில் அவரோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னா அண்ணி, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மூணு வாட்டி வந்தோம்ங்க. கேட்ல துண்டு இருந்துச்சி. தூங்கறாரு, எழுப்ப வேணாம்னு அப்டியே போய்ட்டோம்."

எனக்குச் சுரீர் என்றது. "அசதியா இருக்காரு," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, வாங்க வேண்டிய கத்திரிக்காயைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை துண்டோடு கேட்டுக்குப் போனேன். கட்டாமல் திரும்பியிருக்கலாம். கட்டினேன். அவர்கள் வந்தால் நாலு பேருக்கு நாலு தடவை டீ, மதியம்வரை அரசியல் பேச்சு, ஹாலில் எனக்கு உட்கார இடம் இருக்காது. என் புத்தகம் வேறு நல்ல கட்டத்தில் நின்றிருந்தது. முதல் பத்து நாள் கட்டியது பழக்கம். அதற்குப் பிறகு நாலு நாள் கட்டியது திருட்டுத்தனம். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

நாலாம் நாள் அவர் வந்து, "ஒடிசா பக்கம் ஒரு சுரங்கத்துல கான்ட்ராக்ட்ல கூப்பிடறாங்க. ரெண்டு வருஷம். போலாம்னு இருக்கேன்," என்றார்.

ஊசியைக் கீழே வைத்தேன். "முட்டி வலின்னு ரெண்டு படி ஏற முடியல. அங்க போய் என்ன கிழிக்கப் போறீங்க?"

"இங்க இருந்து மட்டும் இன்னா கிழிக்கறேன்? கூட இருந்தவனுங்க மறந்துட்டானுங்க. கட்டினவ, ஊமைக்குக் காட்டற மாதிரி ஜாட காட்டிகினு இருக்கற. நான் வூட்ல இருக்கறது உனக்குத் தொந்தரவு. அது கூடவா எனக்குத் தெரியாது?"

குரலை உயர்த்தாமல் சொன்னார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எழுந்து வாசலுக்குப் போய், துண்டை அவிழ்த்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"கேட்ல கட்டியிருந்தேன். அவங்க மூணு தடவ வந்து, இதப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க."

"அடிப்பாவி! வேணும்னேவா கட்டின?"

"முதல்ல தெரியாமத்தான். கடைசி நாலு நாள் தெரிஞ்சேதான்."

"ஏன்?"

"இந்த நேரம் எனக்கு வேணுங்க. முப்பத்தொரு வருஷத்துல எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். வாயத் தெறந்து கேட்கத் தெரியல."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "நீ பேசாம இருக்கறது தூங்கறவனுக்கு நிம்மதியா இருந்துச்சி. முழிச்சிகினு இருந்தாத்தான் தெரியுது, எவ்ளோ கஷ்டம்னு," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதே கஷ்டத்தில்தானே வந்த புதிதில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்று கோபமும் வந்தது, அவரை இப்படிப் படுத்திவிட்டேனே என்று வெட்கமும் வந்தது. கோபத்தையும் விடாமல் சொல்லிவிட்டேன். சாயங்காலம் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு வரவில்லை என்றார். பதினொரு மணிவரை எனக்கு, அதற்குமேல் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பேசி முடித்தோம். டீ அவர்தான் போட வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, ஒன்பது மணி இருக்கும், என் பக்கத்தில் வந்து தரையில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார். "உன் நேரந்தான், தெரியும். அப்டி இன்னாதான் படிக்கற? எனக்குந்தான் படிச்சுக் காட்டேன்."

அக்காளைத் தேடி வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒரு பெண்ணின் கதை அது. நான் ஆரம்பத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். காலை ஒன்பது மணிக்கு அந்த ஹாலில் என் குரலைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. மூன்றாவது பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், மனுஷன் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! தோளைப் பிடித்து உலுக்கினேன். "எழுந்திருங்க! அந்தப் பொண்ணு பஸ் ஏறிட்டா, நீங்க பாட்டுக்குத் தூங்கறீங்களே!"

பதறி எழுந்து, "மணி இன்னா, மணி இன்னா?" என்றார். அவருடைய பகல் தூக்கத்தை நான் கெடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கெடுத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து இன்னும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.