வெர்னன் படம் பிடித்த கால்கள்

என் தங்கை லோர்னாவின் கணவன் வெர்னன், ஒஹாயோவில் டேட்டன் நகரத்தில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். அவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் நல்லவன் என்பார்கள். கார் கொட்டகைக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று கதவையும் நிலையையும் சேர்த்து அடித்து, காரை உள்ளே வைத்தே ஒட்டவைத்தவன். பனிக்கால டயரைத் தேடித் தேடி, பனியெல்லாம் உருகின பிறகு ஏப்ரலில் மாட்டியவன். அவனை நம்பி என் புது வீடியோ கேமராவைக் கொடுக்கச் சொன்னாள் லோர்னா. கூடப் பிறந்த பாவத்துக்குத் தலையாட்டினேன். ஆனால் கேமரா போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர்களுக்கு ஒரே மகள், டாரா. அப்போது அவளுக்கு ஐந்து வயது. காது கேட்காது. ஒரு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. அன்று ராத்திரி சளிக்காய்ச்சல்தான் என்று நினைத்து, ஈரத்துணி போட்டுப் படுக்க வைத்து, காலையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் லோர்னா. முன்னாடியே வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். லோர்னா நம்பவில்லை. அந்த ஒரு ராத்திரியை இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறாள்.

அந்த வீட்டில் டாராவைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் ஓங்கி மிதிப்பார்கள். பலகைத் தரை அதிரும், பிள்ளை திரும்பிப் பார்ப்பாள். விருந்தாளியாகப் போனால் சாப்பாட்டு மேசைக் கரண்டிகள் எல்லாம் குதிக்கும். குதிரை லாயத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று நான் கிண்டல் செய்வேன்.

செப்டம்பரில் அவள் கொலம்பஸில் உள்ள காது கேளாதோர் பள்ளிக்குப் போக வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கிற பள்ளி, வாரக் கடைசியில்தான் வீடு. அதனால்தான் ஆகஸ்டில் இந்த ஃபுளோரிடா பயணம், அதனால்தான் கேமரா.

"போன் பண்ணா கேக்காது, கடுதாசி போட்டா படிக்கத் தெரியாது," என்றான் வெர்னன். "இந்த கேசட்டப் போட்டா நாங்க தெரிவோம்ல, லாய்ட். அழுதான்னா டீச்சர் போட்டுக் காட்டட்டும்."

அதற்கு மேல் நான் கேமராவைப் பற்றிப் பேசவில்லை.

ஃபுளோரிடாவில் கேளிக்கைப் பூங்காவின் வாசலில் இருந்தே அவன் தொடங்கிவிட்டான். கேமராவைத் தோளில் ஏற்றுவான், பொத்தானை அழுத்துவான், லோர்னாவையும் டாராவையும் நிற்க வைப்பான். நூலகப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்ட சைகையில் ஒற்றைக் கையால் 'சிரி' என்பான். முடிந்ததும் மறுபடி பொத்தானை அழுத்தி, கேமராவைப் பெட்டி தூக்குகிற மாதிரி முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பான். சுழலும் கோப்பை, குதிரை ராட்டினம், எலும்புக்கூட்டுக் குகை, எல்லா இடத்திலும் இதே சடங்குதான்.

"படம் பிடிச்சது போதும், கொஞ்சம் கண்ணால பாரு," என்றாள் லோர்னா.

"கண்ணால பாத்தா கொலம்பஸ் போவுமா?"

மதியம் ஊர்வலம் வந்தது. அலங்கார வண்டிகள், பேண்டு வாத்தியம், பொம்மைத் தலை மாட்டிய ஆட்கள். கயிற்றுக்குப் பின்னால் ஜனம் நெருக்கியது. வெர்னன் கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நின்றான். நான் எலுமிச்சைச் சாறு வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கடைசி வண்டி கடந்துகொண்டிருந்தது. லோர்னா என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"டாரா உன்கூட வந்தாளா?"

"இல்லையே."

அவள் வெர்னனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வெர்ன், பிள்ள எங்க? உன் கையிலதான இருந்தா!"

கலைந்துகொண்டிருந்த கூட்டத்துக்குள் மூவரும் கத்தினோம். கத்திய பிறகுதான் உறைத்தது, யாரைக் கூப்பிடுகிறோம் என்று. தரையில் மிதிக்கலாம் என்றால் அது தார் ரோடு, அதில் ஆயிரம் கால்கள்.

பூங்காவின் காவல்காரப் பெண் வந்தாள். பொறுமையானவள். ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம், பிள்ளை தானாகவே வந்துவிடும் என்றாள். லோர்னா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்க விரும்பவில்லை.

"அவளுக்குக் காது கேக்காது."

காவல்காரப் பெண்ணின் முகம் மாறியது. "என்ன டிரஸ் போட்டிருக்கா?"

"மஞ்ச கவுன்," என்றான் வெர்னன்.

"செர்ரிப்பழம் போட்ட வெள்ள," என்றாள் லோர்னா. "மஞ்ச நேத்து. இல்ல, இன்னிக்கா? கடவுளே, எனக்கு ஞாபகம் வரலயே!"

"இரு இரு," வெர்னன் கேமராவை இறக்கினான். "வாசல்ல எடுத்தேன்ல. எல்லாம் இதுல இருக்கு."

கேசட்டைப் பின்னோக்கி ஓட்டினான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேமராவின் சின்னக் கண்ணாடிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். பார்த்தவன் இன்னும் பின்னோக்கி ஓட்டினான். நான் பிடுங்கிப் பார்த்தேன்.

கால்கள். யார் யாருடையதோ செருப்பு, சாக்ஸ், முழங்கால், தள்ளுவண்டிச் சக்கரம், தார் ரோடு. இன்னும் ஓட்டினேன், மறுபடியும் கால்கள். முகம் என்று ஒன்றுகூட இல்லை. காலையில் எப்போதோ பொத்தானை இரண்டு தடவை அழுத்தியிருக்கிறான். அதிலிருந்து எல்லாம் தலைகீழ். எடுக்கிறோம் என்று நினைத்தபோது கேமரா தூங்கியிருக்கிறது, தூக்கிக்கொண்டு நடந்தபோது விழித்திருக்கிறது. ஓடுகிறது என்று காட்டச் சிவப்பு விளக்கு ஒன்று உள்ளே இருக்கும். மூக்குக்கண்ணாடியோடு தள்ளி நின்று பார்க்கிறவன் கண்ணில் அது எங்கே படப்போகிறது?

"முட்டாப்பயலே, நாள் பூரா ரோட்டப் படம் எடுத்திருக்க!" என்று கத்தினேன்.

லோர்னா அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். "உன் கையில இருந்தா வெர்ன், உன் கையில! இந்தச் சனியன் பிடிச்ச பெட்டிக்காகப் பிள்ளைய விட்டுட்டியே!"

அவன் கேமராவை என்னிடமிருந்து திரும்ப வாங்கி மறுபடி கண்ணை வைத்தான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. பிள்ளையைக் காணோம், இவன் கால்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். காவல்காரப் பெண் கையிலிருந்த கருவியில் வாசல்களை மூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏரிப் பக்கமும் ஆள் அனுப்புங்க," என்றாள். தாழ்த்தினால் மட்டும் தாய்க்குக் கேட்காதா?

வெர்னனின் முதுகு திடீரென்று விறைத்தது. கண்ணை எடுக்காமல் கொஞ்சம் பின்னால் ஓட்டினான், மறுபடி பார்த்தான்.

"பறவை," என்றான்.

"என்ன?"

"அந்த வளஞ்ச மூக்கு வெள்ளப் பறவை. அது பின்னாடிதான் போறா." கேமராவை என் நெஞ்சில் திணித்துவிட்டு ஓடினான். லோர்னா அவன் பின்னால் ஓடினாள்.

அரிவாள்மூக்கன்கள் அந்த ஊரில் கோழி மாதிரி. ஜனங்களின் கால்களுக்கு நடுவே சோளப்பொரி பொறுக்கித் தின்னும், தின்று முடித்ததும் தண்ணீருக்குத் திரும்பும். எந்தப் பக்கம் போயிற்று என்று பார்க்க நானும் கண்ணை வைத்தேன்.

ஊர்வலத்துக்குக் காத்திருந்த நேரம், முழங்கால் உயரத்தில் லோர்னாவின் கை தெரிந்தது. இளஞ்சிவப்புப் பட்டை போட்ட அவளுடைய கைக்கடிகாரம். அந்தக் கைக்குள் டாராவின் கை. வெர்னனின் கை குறுக்கே வந்து லோர்னாவின் மணிக்கட்டைத் தட்டியது, பிடித்துக்கொள் என்பதுபோல. சற்று நேரத்தில் லோர்னாவின் கை விட்டது. தோள்பைக்குள் போய் வெயில் களிம்பை எடுத்தது. சின்னக் கால்கள் இரண்டு, ஒரு வெள்ளைப் பறவையின் பின்னால், படத்தை விட்டு வெளியே நடந்தன.

நானும் ஓடினேன்.

ஏரியில் படகுச் சவாரி நடக்கிற இடம். கரையிலிருந்து தண்ணீருக்குள் ஒரு பலகை மேடை நீண்டிருந்தது. பராமரிப்புக்கானது, சங்கிலி போட்டிருந்தார்கள். சங்கிலி பெரியவர்களைத்தானே தடுக்கும்? மேடையின் கடைசிப் பலகையில் டாரா நின்றுகொண்டிருந்தாள், எங்களுக்கு முதுகு காட்டி. கால்விரல்கள் பாதி பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பறவை தண்ணீர் ஓரத்தில் நின்றது. அதற்குப் பொரி கொடுக்க அவள் குனிந்துகொண்டிருந்தாள். வளைவைச் சுற்றி ஆட்களை ஏற்றிய படகு வந்துகொண்டிருந்தது. மேடையை உரசுகிற தூரத்தில்தான் அதன் தடம்.

லோர்னா சங்கிலியைத் தாண்டப் போனாள். வெர்னன் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்து நிறுத்தினான்.

"ஓடாத. பயந்தா விழுந்துருவா."

"விடுடா என்னை!"

அவன் அவளை என்னிடம் தள்ளினான். சங்கிலியைத் தாண்டி முதல் பலகையில் ஏறி நின்றான். காலைத் தூக்கி ஒரு மிதி மிதித்தான். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற அதே மிதி, ஓங்கியும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

டாரா நிமிர்ந்தாள். திரும்பினாள். அப்பாவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

வெர்னன் கையைத் தூக்கி 'நில்' என்றான். 'அங்கேயே. மரம் மாதிரி.'  பக்கவாட்டில் பார்த்தேன், அவன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் மரமானாள். படகு அவள் முதுகுக்குப் பின்னால் காற்றடித்துக்கொண்டு போயிற்று. அது போன பிறகு நடந்துபோய் அவளைத் தூக்கினான்.

மஞ்சளும் இல்லை, செர்ரிப்பழமும் இல்லை. நீலக் கவுன்.

கரைக்கு வந்ததும் லோர்னா பிள்ளையை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். முத்தமிட்டாள், அழுதாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பினாள். "இனிமே இவள உன்ன நம்பி அனுப்பமாட்டேன். கைய விட்டவன்தான நீ."

"ஆமா," என்றான் வெர்னன். "நான்தான் விட்டுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். என் கையில்தான் கேமரா இருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவள் டாராவின் காலைக் கழுவக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனபோது, நாங்கள் இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வெர்னன் கேமராவை மடியில் வைத்து, தான் பார்த்த இடத்துக்குக் கேசட்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சிவப்பு விளக்கைப் பார்த்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாக அழுத்தினான். கேமராவின் வாய்க்கு மூடி போட்டிருந்தது, லோர்னா கை விட்ட படத்தின் மேல் கறுப்பு பதிந்து அதை அழிக்கட்டும் என்று. நான் ஒன்று கேட்டேன், அவன் ஒன்று சொன்னான். அதைச் சொல்ல வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

நவம்பரில், நன்றித் திருநாள் விருந்துக்கு எல்லாரும் வெர்னன் வீட்டில் கூடினோம். டாரா விடுதியிலிருந்து வந்திருந்தாள். வான்கோழி தின்று வயிறு நிமிர்ந்த பிறகு, எங்கள் அத்தை மகன் ஒருவன், "எங்கப்பா அந்தக் கால் படம்? போடுங்கப்பா!" என்றான். எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். வெர்னன் அசட்டுச் சிரிப்போடு கேசட்டைப் போட்டான். ஒவ்வொரு முழங்காலுக்கும் ஒரு சிரிப்பு. டாரா தன் செருப்பைக் கண்டுபிடித்துக் கைதட்டினாள். லோர்னாகூடச் சிரித்தாள்.

அப்புறம் திரை கறுத்தது.

"பாத்தீங்களா, மூடியக்கூட எடுக்கல இந்த மனுஷன்!" என்றாள் லோர்னா. வீடே உருண்டது. வெர்னனும் சிரித்தான்.

கறுப்புத் திரையிலிருந்து ராட்டினச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டு அழுதது.  மூடி படத்தைத்தானே மறைக்கும், சத்தத்தையா? வெர்னனைப் பார்த்தேன். அவன் முகமும் அப்போதுதான் மாறியது. டிவிக்கும் எனக்கும் நடுவே இருபது பேரின் கால்கள். எழுந்து யார் யாரையோ மிதித்துக்கொண்டு போனேன். போய்ச் சேரவில்லை.

"மாப்ள, அவதான கைய விட்டா," என்றது என் குரல், திரைக்குள்ளிருந்து. "எதுக்கு நீ ஏத்துக்கற?"

"காய்ச்சல் வந்த அந்த ஒரு ராத்திரிக்கே அவ இன்னும் தூங்கல, லாய்ட்," என்றது வெர்னனின் குரல். "இதையும் அவ தலையில வைக்கணுமா? நான் விட்டதாவே இருக்கட்டும். என்னப் பத்திதான் எல்லாருக்கும் தெரியுமே."

சிரிப்பு எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. திரையில் மறுபடி கால்கள் வந்தன. ஒருவரும் பார்க்கவில்லை. லோர்னா உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள். வெர்னன் வாசல் கதவைப் பார்த்தான், ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி.

அந்த அறையில் எதுவும் நடக்காதது டாராவுக்கு மட்டும்தான். அவள் அப்பாவின் முழங்காலைத் தட்டி, கைகளால் கேட்டாள். 'ஏன் நடுவில் கறுப்பாக இருந்தது?'

வெர்னன் கையைத் தூக்கினான். 'மூடியை எடுக்க மறந்...' என்று தொடங்கினான்.

லோர்னா எழுந்து வந்து அந்தக் கையை நடுவிலேயே பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. இன்னொரு கையால் மகளுக்குத் தானே பதில் சொன்னாள்.

'அப்பா மறக்கவில்லை.'