சாமையில் ஒரு கால்

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைப் பார்த்த நடுக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. நான்கு வயதாகியும் அவள் வெறுங்காலைத் தரையில் வைக்கமாட்டாள். வைத்தால் தணலை மிதித்ததுபோல வீறிடுவாள். ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். அங்கே வகுப்பு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். என் கவலை அதுதான்.

கைபேசியில் தேடியதில் செரடோனின் என்ற சொல் அகப்பட்டது. குழந்தையின் மூளை உருவாகும்போது, தொடுவுணர்வைக் கொண்டுவரும் நரம்பு இழைகள் உரிய இடத்தில் போய் அமர அது உதவுகிறதாம். வாழைப்பழத்தில் அது இருப்பதாக இன்னோர் இடத்தில் படித்தேன். அன்றிலிருந்து வேளைக்கு இரண்டு பழம்.

இதைச் சொன்னதும் அவளைப் பார்க்கும் மருத்துவர் சிரித்துவிட்டார். "சாப்பிடுற செரடோனின் மூளைக்குள்ள போகாதுங்க. கருவுல அதோட அளவு மாறினா தொடுவுணர்வு மாறுதுன்னு விலங்குகள்ல பாத்திருக்காங்க. உங்க பொண்ணுக்கும் அதான் காரணம்னு சொல்ல முடியாது. அவளே தொட்டுப் பழகட்டும். நீங்க பதறாம இருங்க."

டிசம்பரில் ஜவ்வாது மலையிலுள்ள மனைவியின் வீட்டுக்குப் போனோம். மனம் கேட்காமல் ஒரு தார் பழமும் கொண்டுபோயிருந்தேன்.

"இன்னா மாப்ள, இத்தினி வாயப்பயம் கொரங்குக்கா, கொயந்தைக்கா?" என்றார் மனைவியின் அண்ணன்.

களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. தானியத்தின்மேல் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள். அதைப் புரட்டிவிட என் மனைவி காலை இழுத்து இழுத்து நடந்தாள். பின்னால் கோடு கோடாக விழுந்தது.

என் இடுப்பிலிருந்த மகள், "நானும் கோடு போடணும்" என்றாள்.

"செருப்பக் கயட்டினாத்தான் வுடுவோம்" என்றார் அவள் மாமன்.

"வேணாம் மச்சான், கத்துவா" என்றேன்.

"அவ எங்க கத்தறா? நீங்கதான் கத்தறீங்க."

மகள் சறுக்கி இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு பாதம் முழுதும் சாமைக்குள் போனது. அவள் முகம் கோணியது. தூக்க ஓடினேன்.

"சும்மா நில்லுங்க" என்று மனைவி தடுத்தாள்.

"அம்மா, குறுகுறுங்குது!" கோணலாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே மகள் என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, நீயும் கயட்டு."

கழற்றினேன். கால் வைத்ததும் உச்சிவரை கூசியது; துள்ளி வெளியே வந்துவிட்டேன்.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள, பள்ளிக்கூடத்துக்கு மொதல்ல உங்களத்தான் அனுப்பணும்!"

மறுநாள் ஈரமான சிமெண்டுத் தரையில் நிற்கமாட்டேன் என்று மகள் அழத்தான் செய்தாள். தூக்கிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும்போது கொஞ்சம் சாமை கேட்டு வாங்கிவந்தேன். இப்போது அதைத் தாம்பாளத்தில் பரப்பி இருவரும் ஏறி நிற்கிறோம். அவள்தான் முதலில் கால் வைக்கிறாள்.